துண்டுக்குள் போன மாடு

என் துண்டை எடுத்துக்கொண்டு போனது நீங்கள்தான். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக என் மேல் வழக்கு வரும். நீங்கள் பணி செய்து யாரும் பார்த்ததில்லை என்று நான் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று. இதை யாராவது படிக்கும் நேரத்தில் நீங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குப் புரை ஏறும். ஏறட்டும். அந்தக் காப்பியில் இருக்கிற பால் யாருடையது என்பதுதான் கதையே.

துண்டு போனால் போகிறது. அது சாதாரணத் துண்டு, நாலு துவைப்பிலேயே கரை வெளுத்துவிட்டது. துண்டுக்குள் போன மாடு எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களும் கூடவே கேளுங்கள், ஞாபக மறதி உங்கள் பதவிக்கு உண்டான வியாதி.

பென்னாகரம் பக்கத்துச் சந்தையில் நான் மாட்டுத் தரகு பார்க்கிறேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, அதற்கு மேல் ஒரு விரல் சேர்த்தால் ஆறு. பூஜ்யத்துக்கு விரல் கிடையாது. ஐந்து என்றால் ஆட்டுக்கு ஐயாயிரம், மாட்டுக்கு ஐம்பதாயிரம். நிற்பது ஆடா மாடா என்று கண் இருக்கிறவனுக்குத் தெரியுமே, பூஜ்யத்தை எதற்குத் தனியாகப் பிடித்துக் காட்ட வேண்டும்? கடைசியில் கையை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் பேரம் முடிந்தது. குலுக்கின பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நாலு பேர் காதில் விழ அறுபது என்று சொன்னவன், அதே நாலு பேர் முன்னால் ஐம்பதுக்கு இறங்க மாட்டான். துண்டுக்குள் என்றால் இறங்குவான். மானத்துக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான்.

இப்போது லூர்து மேரிக்கு வருகிறேன். இண்டூர் பக்கம். புருஷன் இல்லை, நிலம் இல்லை, வாய் உண்டு. அவள் தங்கை தெரசாவும் தெரசாவின் வீட்டுக்காரரும் ஓசூர் ரோட்டில் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அமுதா, ஆரோக்கிய பிரவீன் என்று இரண்டு பிள்ளைகள் பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தன. கூலிக்குப் போய்த்தான் மூன்று பேருக்கும் உலை வைக்கிறாள்.

இப்படிப்பட்ட குடும்பங்களைக் கைதூக்கி விடுவதற்கென்றே ஒரு அலுவலகம் முளைத்தது. 'ஆதரவற்ற மற்றும் எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சிறார்களைப் பராமரிக்கும் குடும்பங்களின் பொருளாதார நிலைப்படுத்தல் அலகு' என்று அதற்குப் பேர். பலகை வைக்க வாசல் பத்தவில்லை. மிச்சத்தைப் பக்கத்துக் கட்டடத்தில் மாட்டினார்கள். இன்றைக்கும் 'பொருளாதார நிலைப்படுத்தல் அலகு' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு டெய்லர் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் சுருக்கமாக 'அலகு' என்போம்.

அலகின் விதி எளிமையானது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பம் நிலைப்பட வேண்டும். நிலைப்படாவிட்டால் பிள்ளைகள் விடுதிக்குப் போக வேண்டும். அக்காவுக்கு ஒரு ஊரில் விடுதி, தம்பிக்கு வேறு ஊரில். லூர்து மேரி அலறியடித்துக்கொண்டு வந்து உங்கள் மேசை முன்னால் நின்றாள்.

"உங்களுடைய வாழ்வாதாரத் தெரிவு என்னம்மா?" என்று கேட்டீர்கள்.

"மாடுங்க."

"ஏன் மாடு?"

"பால் கறக்குங்க."

இவ்வளவு தெளிவான பதில் அதுவரை அலகில் பதிவானதில்லை. ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மாடு வருவதற்கு முன் மாடு வளர்ப்புப் பயிற்சி வர வேண்டும் அல்லவா? பெங்களூரிலிருந்து ஆலோசகர் பிரியதர்ஷினி மேடம் வந்தார். பயிற்சிக்கு மாடு கிடையாது. ஒரு ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றி, விரல் நுனிகளில் ஊசியால் குத்தி, கொடியில் தொங்கவிட்டு, "கறங்க" என்றார்.

லூர்து மேரி நடக்கப் பழகினதே மாட்டு வாலைப் பிடித்துத்தான். கையுறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மேடம், இதுல அஞ்சு காம்பு இருக்குதுங்க."

"ஒண்ணு கூடுதலா இருக்குன்னு சந்தோஷப்படுங்கம்மா. வளர்ச்சி மனப்பான்மை வேணும்."

"மாடு உதைக்குமே, அதுக்குப் பயிற்சி இல்லீங்களா?"

"இது உங்கள உதைச்சுதா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா, பயம் போயிடுச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். சான்றிதழும் கொடுத்து, கையுறையையும் கொடுத்தார்கள். அமுதா அன்றைக்கே வாசலில் மாட்டுக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வைத்தாள். மாடு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று கையுறையை அதில் கட்டினாள்.

சந்தை நாள் வந்தது. நீங்களும் வந்தீர்கள், பிரியதர்ஷினி மேடமும் வந்தார், மைக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் அலுவலக உதவியாளர் பிரபாகரும் வந்தார். நான் மாது அண்ணனுடைய மாட்டைக் காட்டினேன். கறுப்பு வெள்ளை, இரண்டாம் ஈத்து, கன்றோடு நிற்கிறது, குழந்தை கறந்தாலும் கால் தூக்காது. தோளிலிருந்து துண்டை எடுத்தேன். நீங்கள் குதித்தீர்கள்.

"அது என்னய்யா துண்டு? இது அரசுப் பணம். வெளிப்படைத்தன்மை வேணும். மைக்ல பேசுங்க!"

மாது அண்ணன் பாவம், பயந்துபோய் மைக்கில் சொன்னார்: "அறுபது."

நீங்களும் மைக்கில் சொன்னீர்கள்: "நாற்பது."

சந்தை முழுக்கக் கேட்டது. அதில் ஒரு சிக்கல். மாது அண்ணனின் சம்பந்தி வீட்டார் எதிர் டீக்கடையில் இருந்தார்கள். நாற்பது என்ற சத்தம் கேட்டதும் அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். மாது அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எழுபது!"

"ஏன்யா ஏறுது?"

"நீங்க ஏன் சார் இறங்கினீங்க?"

அரசாங்கம் ஒரு மாட்டுக்காரருக்குப் பணியுமா? முப்பத்தைந்து என்றீர்கள். அவர் எண்பது என்றார். நீங்கள் இருபது. வெயில் உச்சிக்கு வந்தபோது மாடு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, அரசு இரண்டாயிரத்துக்கு வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மாது அண்ணன் மாட்டையும் கொடுத்து மேலே பணமும் கட்ட வேண்டியிருந்திருக்கும். "ஆரோக்கியமான உரையாடல்" என்று சொல்லிப் பிரியதர்ஷினி மேடம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

லூர்து மேரி என் காதோரம் வந்தாள். "அண்ணா, இவங்க மாடு வாங்க வந்தாங்களா, இல்ல மாட்டத் திட்ட வந்தாங்களா?"

எனக்குச் சூடு மண்டைக்கு ஏறிவிட்டது. மைக்கைப் பிடுங்கிப் பிரபாகர் நெஞ்சில் திணித்தேன். உங்கள் கையைப் பிடித்து மாது அண்ணன் கையில் வைத்தேன். மேலே துண்டைப் போட்டேன்.

"சார், வாய மூடுங்க. விரலால பேசுங்க."

உங்களுக்குக் கூச்சம் அதிகம் என்று யாருக்குத் தெரியும்? மாது அண்ணன் பழைய அறுபதுக்கே வந்து உங்கள் விரலைத் தொட்டதுதான் தாமதம், நீங்கள் "ஹிஹி" என்று நெளிந்தீர்கள். அவர் முகம் செத்துவிட்டது. அவர் விலையைக் கேட்டு முறைத்தவர்கள் உண்டு, காறித் துப்பிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. சிரித்தவர் இல்லை. ஒரு விரல் குறைத்தார். நீங்கள் "ஹிஹிஹி" என்றீர்கள். என்னைப் பார்த்து, "என்னப்பா இந்தாளு, இப்படி நெஞ்சழுத்தக்காரனா இருக்கறாரு?" என்று முணுமுணுத்துவிட்டு இன்னொரு விரலும் குறைத்தார். "ஐயோ போதும், விடுய்யா!" என்று நீங்கள் கையை உதறினீர்கள். அதைக் குலுக்கல் என்று எடுத்துக்கொண்டார். பேரம் முடிந்தது. நீங்கள் மைக்கில் கேட்ட அதே நாற்பது.

"எப்படி முடிச்சேன் பாத்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்தி என்னிடம் கேட்டீர்கள். "இந்தத் துண்டு அலகுக்குத் தேவைப்படுது" என்று மடித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டீர்கள். மாட்டையும் கன்றையும் வண்டியில் ஏற்றினோம். வண்டி தருமபுரியில் இருக்கிற உங்கள் அலுவலகப் பக்கம் திரும்பியது.

"சார், இண்டூர் அந்தப் பக்கம்" என்றேன்.

"ஒப்படைப்பு விழா வச்சுத்தான் குடுக்கணும். மேலிடத்துல தேதி கேட்டிருக்கோம்."

தேதி வரவில்லை. கேட்டுக்கொண்டு லூர்து மேரி வந்தாள். அவள் கேட்டு நின்ற அந்த நேரத்தில்தான் உங்களுக்கு ஞானம் பிறந்தது. துண்டுக்குள் சொன்னது யார் காதிலும் விழாது. காதில் விழாததை யாரும் எழுதிவைக்க முடியாது. எழுதிவைக்காததைக் காட்டி யாரும் சண்டைக்கு வர முடியாது. அரசாங்கம் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து அது தேடிக்கொண்டிருந்த பொருள் என் தோளில் கிடந்திருக்கிறது!

நீங்கள் துண்டை மேசைமேல் விரித்து, "கைய உள்ள விடும்மா" என்றீர்கள்.

"எதுக்குங்க?"

"பதில் உள்ள இருக்குது."

"உங்க கைய நான் எதுக்குங்க பிடிக்கணும்? எங்கூர்ல இதுக்கு வேற பேரு" என்றாள் லூர்து மேரி.

நியாயமான ஆட்சேபணை. அலகு அதைப் பரிசீலித்தது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'இனி அனைத்துப் பதில்களும் முடிவுகளும் துண்டு வழியாக மட்டுமே தெரிவிக்கப்படும், வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட மாட்டாது. மகளிர் பயனாளிகளைப் பொறுத்தமட்டில், அலுவலக உதவியாளர் திரு. பிரபாகர் அவர்களின் வலது கை, மகளிர் கையாகக் கருதப்படும்.'

அன்றிலிருந்து லூர்து மேரி கேள்வி கேட்பாள். நீங்களும் பிரபாகரும் துண்டுக்குள் கைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பிறகு அவள் பிரபாகரை வராந்தாவில் மடக்குவாள்.

"என்னப்பா சொன்னாரு?"

"ரெண்டு விரலப் பிடிச்சாருக்கா."

"ரெண்டுன்னா? ரெண்டு நாளா, ரெண்டு மாசமா?"

"அது தெரியலக்கா. ஆனா அழுத்திப் பிடிச்சாரு."

வலது கை மகளிருடையதாகிவிட்டதால் பிரபாகர் எல்லோருக்கும் இடது கையால் காப்பி கொடுக்க ஆரம்பித்தார். மரியாதைக் குறைவு என்று அதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் போனது. விளக்கத்தையும் துண்டுக்குள்தான் கொடுத்தார்.

பிரியதர்ஷினி மேடம் இதற்கு 'சொல்லற்ற விரல்வழிப் பங்கேற்புக் கலந்தாய்வு' என்று பேர் வைத்துப் பெங்களூரில் திரையில் போட்டுக் காட்டினார். பார்ப்பதற்கு வெளியூர்களிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். அலகின் முத்திரையோடு துண்டுகள் அச்சாயின. கீழ்மட்டத்துக்குச் சாதாத் துண்டு, மேல்மட்டத்துக்கு டர்க்கி டவல். ஆய்வுக் கூட்டம் என்றால் ஹால் முழுக்க ஜோடி ஜோடியாகக் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். வெளியே நின்று பார்த்த ஒருவர், கல்யாண மண்டபம் என்று நினைத்து மொய்க் கவரோடு உள்ளே போய்விட்டார்.

ஒரு கூட்டத்தில் மேலதிகாரி உங்களிடம் துண்டுக்குள் கேட்டார்: இதுவரை எத்தனை குடும்பம் நிலைப்பட்டது? உண்மையான பதில் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்துக்கு விரல் இல்லையே! இருப்பதில் சின்னதாக ஒரு விரலைப் பிடித்தீர்கள். ஒரு குடும்பத்துக்காகவா இவ்வளவு டர்க்கி டவல் வாங்கியிருப்பார்கள் என்று அவர் யோசித்து, நூறு என்று எடுத்துக்கொண்டார். அவர் தனக்கு மேலே இருப்பவரின் ஒரு விரலைப் பிடித்தார். அவர் ஆயிரம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கும் மேலே போனபோது பத்தாயிரமாயிற்று. மாவட்டத்தில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்களைவிட, அப்படி வளர்த்து நிலைப்பட்ட குடும்பங்கள் அதிகமாகிவிட்டன. உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தைத் துண்டால் மூடிக் கொடுத்தார்கள்.

மாடு? மாடு உங்கள் ஜீப் நிற்கிற கொட்டகையில் நின்றது. ஒப்படைக்கும்வரை அது அலுவலகச் சொத்து. அலுவலகச் சொத்தின் பால் அலுவலகப் பால். ஆனால் கறக்க ஆளில்லை. நீங்கள் ஒருமுறை முயன்று, அது வாலால் முகத்தில் வீசியதில் மூக்குக்கண்ணாடி போனது. யாருக்கு மாடு கறக்கத் தெரியும் என்று தேடினீர்கள். சான்றிதழ் பெற்ற ஒருவர் இண்டூர்ப் பக்கம் இருப்பது தெரிந்தது. லூர்து மேரியை வரச் சொன்னீர்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் பயணப்படியும் மிச்சம்.

நான் அவளைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கத்தினேன். "உனக்குப் புத்தி இருக்குதா? உன் மாட்ட நீயே கறந்து அவனுங்களுக்குக் காப்பிக்கு ஊத்தறியா?"

"கறக்காம வுட்டா மடி கட்டிக்கும்ணா. அந்தாளுங்க பண்றதுக்கு மாடு என்ன பண்ணும்?"

காலையிலும் போனாள், மாலையிலும் போனாள். இடையில் கூலி வேலை போய்விட்டது. முதலில் பால் காப்பிக்குப் போனது. பிறகு தயிருக்குப் போனது. பிறகு சாயங்காலம் ஊழியர்கள் ஆளுக்கொரு தூக்குப் போசியோடு வந்து பால் வாங்கிப் போனார்கள். ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அலகு யாரையும் நிலைப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. அலகு ஊழியர்களின் குடும்பங்கள் நன்றாகவே நிலைப்பட்டன.

பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது பிரியதர்ஷினி மேடத்தையும் பிரபாகரையும் கூட்டிக்கொண்டு லூர்து மேரி வூட்டுக்குச் சரிபார்ப்புக்கு வந்தீர்கள். என்னை 'விரல் வல்லுநர்' என்று கூட்டி வந்தீர்கள். புதுத் துண்டு ஒன்று தோளில் போட்டுக்கொண்டு வந்தேன், எனக்கும் புத்தியில்லை. வாசலில் முளைக்குச்சி. முளைக்குச்சியில் கையுறை. அதைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினீர்கள்.

"மாடு எங்க?"

"உங்க ஆபீஸ்லதானுங்க இருக்குது" என்றாள் லூர்து மேரி.

"அது தெரியும். இந்த வீட்ல இல்லையே. மாடு இல்லாத குடும்பம் எப்படிம்மா நிலைப்பட்ட குடும்பம்?"

அமுதா முன்னால் வந்தாள். "மாட்டக் குடுத்தீங்கன்னா இருக்கும் சார்."

"நிலைப்படாத குடும்பத்துல மாட்ட விட்டா மாடு பாதிக்கப்படும் பாப்பா. அதுவும் எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மாடு."

"அப்ப எங்களுக்குப் பதிலா மாட்ட ஹாஸ்டல்ல சேத்துருங்க சார்."

பிரியதர்ஷினி மேடம் அதைக் குறித்துக்கொண்டார். நீங்கள் பிரபாகரைக் கூப்பிட்டீர்கள். பிள்ளைகள் இருப்பதா போவதா என்று முடிவு சொல்லப் போகிறீர்கள். என் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி விரித்தீர்கள். லூர்து மேரி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரபாகர் கையைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு என் கையை உள்ளே விட்டேன். "இது அவ அண்ணன் கை சார். பேசுங்க" என்றேன். ஒரு விரலை இறுக்கிப் பிடித்தேன். ஒரு மாடு என்று அர்த்தம். நீங்கள் "ஹிஹி" என்றீர்கள். நான் விடவில்லை. உள்ளங்கையில் ஒரு சுரண்டு சுரண்டினேன். "ஐயோ, விடுய்யா, விடுய்யா!" என்று நெளிந்து, துள்ளி, என் கையைப் பிடித்து உதறோ உதறென்று உதறினீர்கள். தெருவே பார்த்தது.

"குலுக்கிட்டாரு! பேரம் முடிஞ்சுது! மாடு இவங்களுக்கு, புள்ளைங்க இங்கதான்!" என்று கத்தினேன்.

"நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்?"

"அப்ப என்ன சொன்னீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

வாயைத் திறந்தீர்கள். பிரபாகர் பதறிப்போய் ஓடி வந்தார். "சார், சுற்றறிக்கை! முடிவ வாயால சொல்லக் கூடாது!" வாயை மூடினீர்கள். மறுபடி திறந்தீர்கள். மறுபடி "சார், சுற்றறிக்கை!" மூடினீர்கள். ஒகேனக்கல் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள். போகிற அவசரத்தில் என் இரண்டாவது துண்டும் போய்விட்டது.

பிள்ளைகள் போக வேண்டுமா வேண்டாமா, மாடு வருமா வராதா, எல்லாம் அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. துண்டு உங்கள் மேசை டிராயருக்குள் இருக்கிறது.

இதற்குள் ஊருக்கே அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. ரேஷன் கடையில் பருப்பு எப்போது என்று கேட்டால் துண்டை விரிக்கிறார்கள். பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்டால் கண்டக்டர் விரலைப் பிடிக்கிறார். மகளுக்குப் போடுவதாகச் சொன்ன நகை எப்போது வரும் என்று கேட்ட சம்பந்தி வீட்டாருக்கு மாது அண்ணனும் துண்டைத்தான் விரித்தார். போன வாரம் என் வூட்டுக்காரி பாஞ்சாலி சோறு போடும்போது கேட்டாள்: "ஊரெல்லாம் அந்த ஆபீசரைத் திட்டிட்டுத் திரியறீங்களே, இத்தனை வருஷமா தரகு பாக்கற ஆளு, அந்தப் பொண்ணுக்கு நீங்களே ஒரு மாடு புடிச்சுக் கட்டக் கூடாதா?"

என் கை தானாகத் தோளைத் தடவியது. துண்டு இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் தலைக்கேறியது அப்போதுதான். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்களிடமும் போய், "அந்த மாட்டுக்கு ஒரு கைப்பிடி வைக்கோலாவது கொடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கை துண்டு தேடித் தோளுக்குப் போகிறது என்று தெரியும்.

அது எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாட்டை வாங்கினது நீங்கள். கையைக் குலுக்கினது நீங்கள். சந்தையிலும் குலுக்கினீர்கள், லூர்து மேரி வாசலிலும் குலுக்கினீர்கள். எங்கள் தொழிலில் குலுக்கினவன் பேச்சு மாற மாட்டான்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. முளைக்குச்சியில் கட்டின கையுறையில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது, இருந்த அஞ்சு காம்பும் சுருங்கிவிட்டது. காப்பியைக் கீழே வைங்க சார். மாட்டையும் கன்றையும் வண்டியில் ஏத்துங்க. இந்தத் தடவை வண்டியை இண்டூர்ப் பக்கம் திருப்புங்க. விழா வேண்டாம், மைக் வேண்டாம், பிரபாகர் கையும் வேண்டாம். அந்த முளைக்குச்சியில மாட்டக் கட்டிட்டு, துண்டத் தூக்கித் தூரப் போட்டுட்டு, நாலு பேர் காதுல விழற மாதிரி வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க:

"இந்தாம்மா."